நார்க்கட்டிலில் குடியிருக்கும் செல்கள்

மேல்நிலை இரண்டாமாண்டு, உயிரியல் பிரிவு மாணவியர்

நம் சாயல்குடிப் பக்கத்தில் இன்றும் பல வீட்டுத் திண்ணைகளில் நார்க்கட்டிலைக் காணலாம். பனைமட்டையிலிருந்து கிழித்த நாரை நனைத்து, இழுத்துப் பின்னிய கட்டில். அதன் தலைமாட்டில் அப்பத்தா ஒருக்களித்துப் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பேரப்பிள்ளை ஓசைப்படாமல் வந்து கால்மாட்டில் உட்காருகிறது. கண்ணைத் திறவாமலே, "யாரது கால்மாட்டுல?" என்று கேட்டுவிடுவார் அப்பத்தா. எப்படி அறிந்தார்? கண்ணாலும் அல்ல, காதாலும் அல்ல. நார் சொல்லிற்று! கால்மாட்டில் ஒரு நார் தாழ்ந்தது. அதனோடு பின்னிய நார்கள் இறுகின. அந்த இழுப்பு அவர் முதுகைத் தொட்டது. அதே பிள்ளை இலவம்பஞ்சு மெத்தையில் உட்கார்ந்திருந்தால் அந்த இடம் மட்டும் அமுங்கியிருக்கும். அப்பத்தாவின் தூக்கம் கலைந்திராது.

தோழியரே! நம் தோலுக்கு அடியிலும், தசைநாண்களிலும், உள்ளுறுப்புகளைச் சுற்றிலும் வாழும் செல்கள் இத்தகைய நார்க்கட்டில் ஒன்றில்தான் குடியிருக்கின்றன. ஒரு செல் இழுத்தால் தொலைவில் இருக்கும் மற்றொரு செல் அறிகிறது. பாடப்புத்தகத்தில் செல்லின் படத்தை வரைந்து, உட்கருவையும் மைட்டோகாண்டிரியாவையும் குறித்து மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். ஆனால் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இருப்பதை வெற்றிடமாகவே விட்டுவிடுகிறோம். எங்களுக்கும் அது வெற்றிடமாகத்தான் இருந்தது, எங்கள் தோழி ஒருத்தியின் கை வளையத் தொடங்கும் வரையில்.

அவளுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்றாள். சென்ற கோடை விடுமுறையில், சித்திரை மாதத்தில், பதநீர் காய்ச்சும் அடுப்பருகே கால் வழுக்கிவிட்டது. கருப்பட்டிப் பதத்துக்கு வந்துகொண்டிருந்த பாகு அவளுடைய வலது முழங்கையின் உள்மடிப்பில் கொட்டியது. பாகு கொதிநீரைக் காட்டிலும் சூடானது. தோலில் ஒட்டியும் கொள்ளும். புண் ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆயிற்று. கையை மடக்கி வைத்தால் நோவு குறைவு. நீட்டினால் உயிர் போகும். "நீட்டாத தாயி, மடக்கியே வச்சுக்க. ஆறட்டும்" என்று அப்பத்தா ஒரு சிறு தலையணையை அணைவாகக் கொடுத்தார். அன்பினால் சொன்ன சொல் அது. பள்ளி திறந்தபோது புண் ஆறிவிட்டது. ஆனால் கை முழுதாக நீளவில்லை. ஆவணி மாதத்துக்குள் இன்னும் மடங்கிவிட்டது. கரும்பலகையின் உச்சியில் தேதி எழுதும் முறை வந்தபோது, பலகையின் பாதி உயரம் வரைதான் அவளுடைய கை எட்டியது.

மருத்துவரிடம் காட்டியபோது அவர் கூறிய ஒரு வாக்கியம் எங்கள் எல்லோரையும் பிடித்துக்கொண்டது. "புண் ஆறிவிட்டது, தழும்பு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது" என்றாராம். தோழி வகுப்பில் வந்து, "சிஸ்டர், தழும்புக்குள்ளே இருந்து இழுப்பது யார்?" என்று கேட்டாள். சிஸ்டர் உடனே விடை கூறவில்லை. "நீங்களே தேடுங்கள், ஆண்டு மலருக்கு எழுதுங்கள்" என்று எங்களிடமே விட்டுவிட்டார். தேடியதை எழுதுகிறோம்.

முப்புரிக் கயிறு

முதலில் நாரைப் பார்ப்போம். அதன் பெயர் கொலாஜன். நம் உடலில் உள்ள புரதத்தில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமல் இதுவே இருக்கிறது. தோலின் உறுதியும், தசைநாணின் வலுவும், எலும்பின் உட்சட்டமும் கொலாஜனால் ஆனவை. மாட்டுத்தோலைப் பதனிடும்போது செல்களெல்லாம் நீங்கி இந்த நார்ப்பின்னல் மட்டும் எஞ்சுகிறது. ஆகவே நாம் காலில் அணியும் தோல் செருப்பு, குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன நார்க்கட்டிலே எனலாம்!

இந்த நாரின் உருவத்தை உலகுக்கு எடுத்துக் காட்டியது நம் சென்னை. எர்ணாகுளத்தில் 1922-இல் பிறந்து, பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் பயின்ற ஜி. என். இராமச்சந்திரன், 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு முப்பது வயது. எந்த ஆராய்ச்சியில் இறங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த வேளையில், இங்கிலாந்திலிருந்து சென்னைக்கு வந்த விஞ்ஞானி ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் சரியாக விளங்கவில்லை என்று பேச்சுவாக்கில் குறிப்பிட்டார். அது போதுமாக இருந்தது. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் தசைநாண் முதலியவற்றில் எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் படமெடுத்தார்கள். மூன்று இழைகள் சேர்ந்த சுருளே கொலாஜன் என்று 1954-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். மறு ஆண்டே அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினார்கள். இழைகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் எத்தனை என்பதில் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் மாறுபட்டார்கள். ஆயினும் மூன்று புரி என்ற அடிப்படை அப்படியே நிலைத்துவிட்டது. கிண்டியில் பல்கலைக்கழக வளாகத்துக்கு அருகில், 1948-இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்குள்ள அரங்கத்துக்கு 'டிரிபிள் ஹெலிக்ஸ்', அதாவது முப்புரிச் சுருள் என்றே பெயரிட்டிருக்கிறார்கள். டி. என். ஏ.யின் இரட்டைச் சுருளைக் கண்டவர்களின் பெயரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் நாம், முப்புரிச் சுருளைக் கண்டவரின் பெயரை இத்தனை நாள் அறியாமல் இருந்தது எங்களுக்கு வெட்கமாகவே இருந்தது.

மூக்கையூரிலிருந்து வரும் எங்கள் வகுப்புத் தோழியின் தந்தையிடம் இந்தப் படத்தைக் காட்டினோம். "கயிறு மாதிரியில்ல இருக்கு" என்றார். கயிறேதான்! ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்கி, மூன்றையும் சேர்க்கும்போது எதிர்ப்பக்கமாக முறுக்கினால்தான் கயிறு பிரியாது என்பது அவருக்குப் பழக்கத்தில் வந்த அறிவு. கொலாஜனிலும் ஒவ்வொரு இழையும் இடப்பக்கமாகச் சுருள்கிறது. மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக முறுக்கிக்கொள்கின்றன. இழையில் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் இருந்தாக வேண்டும். மூன்று இழைகளும் நெருங்கும் நடுப்பகுதியில் அதைவிடப் பெரிய எதற்கும் இடமில்லை. அந்த இடத்தில் வேறொன்று வந்து அமர்ந்துவிட்டால், எலும்பு எளிதில் நொறுங்கும் பிறவி நோய்கூட ஏற்படுகிறது. ஒரு கொலாஜன் மூலக்கூறின் நீளம் சுமார் 300 நானோமீட்டர். நுனியோடு நுனி சேர்த்து அடுக்கினால் ஒரு மில்லிமீட்டருக்கு மூவாயிரத்துக்கு மேல் வேண்டும். இவை பக்கம் பக்கமாகச் சேர்ந்து இழையாகி, இழைகள் சேர்ந்து நாராகி, நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொள்கின்றன. நம் கட்டில் தயார்.

கை போட்டு இழுக்கும் செல்

கட்டிலைப் பின்னியவர் யார்? அதிலேயே குடியிருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் செல்கள். நார்ச்செல் என்று நாம் அழைத்துக்கொள்வோம். இவை கொலாஜனைச் சுரந்து வெளியே விடுகின்றன. அத்தோடு நில்லாமல், பின்னிய நாரைப் பிடித்து இழுத்துக்கொண்டும் இருக்கின்றன.

செல்லுக்குக் கை ஏது என்று கேட்கத் தோன்றும். செல்லின் மேலுறையில் இன்டெக்ரின் என்னும் புரதங்கள் கொக்கிகளைப்போல் ஊடுருவி நிற்கின்றன. கொக்கியின் வெளிமுனை நாரைப் பற்றுகிறது. உள்முனை, செல்லுக்குள் ஓடும் ஆக்டின் வடங்களோடு இணைந்திருக்கிறது. அந்த வடங்களை மயோசின் என்னும் புரதம் இழுக்கிறது. ஆக்டினும் மயோசினும் நமக்குப் புதியவை அல்ல. தசை சுருங்குவதைப் படித்தபோது பார்த்த அதே இருவர்தாம். தசையில் மட்டும் வேலை செய்பவர்கள் என்று நாங்கள் எண்ணியிருந்தது தவறு.

செல் இழுப்பதைக் கண்ணால் காட்டியவர் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் ஹாரிஸ். அவர் செய்தது நம் சமையலறையில் நடப்பதைப் போன்றது. காய்ச்சிய பாலின்மேல் ஏடு படிகிறதல்லவா? அதைப்போலச் சிலிக்கோன் திரவத்தின்மேல் ஒரு கணம் தீச்சுடரைக் காட்டினார். மேற்பரப்பு மட்டும் மெல்லிய ரப்பர் ஏடாக மாறியது. அதன்மேல் செல்களை விட்டார். செல்கள் ஊர்ந்த இடமெல்லாம் ஏட்டில் சுருக்கங்கள் விழுந்தன! கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர்த்துளி தான் நிற்கும் தரையையே சுருக்கிவிடுகிறது என்பதை 1980-இல் வெளியான அக்கட்டுரை காட்டிற்று. மறு ஆண்டில் அவரும் அவருடைய குழுவினரும் கொலாஜன் கூழில் உயிர்த்திசுத் துண்டுகளைச் சற்றுத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தனர். தாறுமாறாகக் கிடந்த நார்கள், ஒரு துண்டிலிருந்து மற்றொன்றுக்கு வடம் கட்டினாற்போல் நேராக அணிவகுத்தன. உறைந்த இரத்த நீரில் இத்தகைய காட்சியைப் பால் வைஸ் என்னும் அறிஞர் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தார். நாரை வரிசைப்படுத்துவது செல்களின் இழுப்பே என்பதை ஹாரிஸ் குழுவினர் தெளிவாக்கினர்.

வலையில் ஒரு பாடம்

இதைப் படித்ததும் நாமும் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. மூக்கையூர்த் தோழி ஒரு பழைய நைலான் வலைத்துண்டு கொண்டுவந்தாள். (அன்று வகுப்பறை முழுவதும் வீசிய கருவாட்டு வாசனைக்காக அடுத்த வகுப்பு ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.) பெஞ்சியைக் கவிழ்த்து, நான்கு கால்களிலும் வலையின் நான்கு மூலைகளையும் சற்றுத் தொய்வாகக் கட்டினோம். ஒரு முழ இடைவெளியில் இருவர் வலையைக் கைக்குள் அள்ளிச் சுருக்கினார்கள். அவர்களே இரண்டு செல்கள்.

அப்போது கண்டதை மறக்க முடியாது. இரண்டு கைகளுக்கும் நடுவே இருந்த வலைக்கண்கள் நீண்டு ஒடுங்கி, நூல்கள் கையிலிருந்து கைக்கு நேர்கோடாக விறைத்து நின்றன. பக்கவாட்டில் இருந்த கண்கள் தொளதொளவென்று கிடந்தன. மூன்றாமவள் கண்ணைக் கட்டிக்கொண்டு அந்த விறைத்த நூலில் விரல் வைத்தாள். யார் இழுக்கிறார்கள், எப்போது விடுகிறார்கள் என்று தவறாமல் சொன்னாள். தொளதொளத்த பக்கத்தில் விரல் வைத்தபோது ஒன்றும் தெரியவில்லை. பிறகு இதையே ஒரு பஞ்சு மெத்தையில் செய்தோம். இருவர் மெத்தையைக் கிள்ளிப் பிடித்தாலும், நடுவில் விரல் வைத்தவளுக்கு ஒன்றும் எட்டவில்லை.

ஏன் இந்த வேறுபாடு? நூலை இழுத்தால் விறைக்கும், தள்ளினால் வளைந்துகொடுத்துவிடும். இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு செல் நாலா பக்கமிருந்தும் நாரைத் தன்னை நோக்கி இழுக்கும்போது, அதைச் சுற்றியுள்ள வட்டங்கள் சிறுக்கின்றன. அதாவது சுற்றுவாட்டில் நெருக்கம் உண்டாகிறது. பாவாடை நாடாவை இழுத்தால் துணியில் கொசுவம் விழுவதைப்போல. கூழைப் போன்ற சீரான பொருளில் இந்த நெருக்கத்துக்கு எதிர்ப்பு எழும்புகிறது. இழுப்பின் பெரும்பகுதி அங்கேயே செலவாகிவிடும். கணக்குப்படி, தொலைவு இரு மடங்கானால் அசைவு நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். நார்ப்பின்னலிலோ, சுற்றுவாட்டில் உள்ள நார்கள் எதிர்ப்புக் காட்டாமல் வளைந்துவிடுகின்றன. ஆகவே இழுப்பு வீணாகாமல், செல்லிலிருந்து புறப்படும் நேர் நார்களின் வழியே நெடுந்தொலைவு செல்கிறது.

இதை அளந்து காட்டியவர்களில் நம்மவர் ஒருவர் உண்டு. திருச்சி மண்டலப் பொறியியற் கல்லூரியில் 1981-இல் பட்டம் பெற்று, பின்னர் அமெரிக்காவின் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியரான குருசாமி இரவிச்சந்திரன். உலோகங்களும் பிற திடப்பொருள்களும் விசையைத் தாங்கும் விதத்தை ஆராய்ந்துவந்தவர். அவரும் நோட்போம், லெஸ்மன் முதலிய துணைவர்களும் ஃபைப்ரின் நார்ப்பின்னலில் செல்களை வைத்து, சுற்றிலும் உள்ள நார்களின் அசைவை அளந்தனர். நுண்ணிய நார்கள் வளைந்துகொடுப்பதே இழுப்பு தொலைவு செல்வதற்குக் காரணம் என்று 2015-இல் எழுதினர். ஃபைப்ரின் என்பது வேறொன்றுமல்ல, காயம்பட்ட இடத்தில் இரத்தம் உறையும்போது உண்டாகும் வலையே. ஒரு செல்லின் உடல் பத்து, இருபது மைக்ரான் அகலம்தான். நார்ப்பின்னலில் அதன் இழுப்போ நூறு மைக்ரானுக்கு அப்பாலும் உணரப்படுகிறது.

செல்கள் செய்தி அனுப்ப வேதிப்பொருள்களையும் பயன்படுத்துகின்றன என்று படித்திருக்கிறோம். அது மல்லிகை வாசனை பரவுவதைப் போன்றது. காற்று எங்கே கொண்டுபோகிறதோ அங்கேயெல்லாம் போகும். நார் வழியே போகும் இழுப்போ, நம் பள்ளி மணிக்கயிற்றைப் போன்றது. கீழே இழுத்தால் மேலே உரிய மணிதான் அடிக்கும்.

இந்தச் செய்தியைப் பெறும் செல் சும்மா இருப்பதில்லை. நாரை இழுத்துப் பார்த்து, அது எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பதைக் கொண்டு தன் போக்கையே மாற்றிக்கொள்கிறது. 2006-இல் எங்லர், சமிக் சென், ஸ்வீனி, டிஷர் ஆகியோர் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களைப் பலவித மென்மையுள்ள கூழ்களின்மேல் வளர்த்தார்கள். மூளையைப்போல் மென்மையான கூழில் அவை நரம்புச் செல்களைப் போன்ற சாயலையும், தசையின் விறைப்புள்ள கூழில் தசையின் சாயலையும், அதைவிடக் கடினமானதில் எலும்பின் சாயலையும் கொண்டன. அவர்களுள் சமிக் சென் பின்னர் மும்பை ஐ. ஐ. டி.யில் பேராசிரியரானார். தீமைக்கும் இதே வழி உதவுகிறது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. மார்பகப் புற்றுநோய்க் கட்டியைச் சுற்றி நார்கள் இறுகி, கட்டியிலிருந்து வெளியே செல்லும் பாதைகளைப்போல் வரிசையாகிவிடுவதுண்டு. புற்றுச் செல்கள் அந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டே வெளியேறுகின்றன. கட்டி கைக்குக் கடினமாகத் தட்டுப்படுவதற்கு இந்த நார் இறுக்கமும் ஒரு காரணம்.

ஆறும் புண், சுருங்கும் தழும்பு

இனித் தோழியின் கேள்விக்கு வருவோம். காயம் பட்டவுடன் இரத்தம் உறைந்து ஃபைப்ரின் வலை விழுகிறது. அதைப் பற்றிக்கொண்டு சுற்றுப்புறத்திலிருந்து நார்ச்செல்கள் உள்ளே வருகின்றன, கொலாஜனைப் பின்னத் தொடங்குகின்றன, பின்னிக்கொண்டே இழுக்கின்றன. இழுப்பதனால் புண்ணின் ஓரங்கள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. பெரிய புண் சிறியதாவது பாதி இதனால்தான். இந்த இழுப்பு இல்லாவிட்டால் ஆழமான புண்கள் ஆறுவதற்கு நெடுநாள் ஆகும். ஆகவே தழும்பில் இழுப்பவர்களைப் பகைவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது.

ஆறும் புண்ணில் உள்ள நார்ச்செல்கள் சாதாரணமானவை அல்ல என்று 1971-இல் ஜெனீவாவில் காபியானி, ரயான், மாய்னோ என்னும் மூவர் கண்டறிந்தனர். அவற்றுள் தசைச் செல்லில் இருப்பவை போன்ற தடித்த வடங்கள் இருந்தன. பாதி நார்ச்செல், பாதி தசைச்செல்! மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்று அவற்றுக்குப் பெயர். நார் விறைப்பாக இருந்தால் சாதாரண நார்ச்செல் இந்த வேடத்துக்கு மாறுகிறது. மாறியபின் இன்னும் பலமாக இழுக்கிறது, நார் இன்னும் விறைக்கிறது, அந்த விறைப்பு நார் வழியே பக்கத்துச் செல்லுக்கு எட்டுகிறது, அதுவும் மாறுகிறது. ஒருத்தி பாடத் தொடங்கினால் வகுப்பே சேர்ந்து பாடுவது போலத்தான். வழக்கமாகப் புண் மூடியதும் இந்தச் செல்கள் மடிந்துபோகின்றன, பாட்டு நிற்கிறது. ஆழமான தீப்புண்ணில் மாதக்கணக்கில் நிற்பதில்லை. மூட்டின்மேல் விழுந்த தழும்பாக இருந்தால் மூட்டே மடங்கிப்போகிறது. "தழும்பு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது" என்ற மருத்துவரின் சொல்லுக்குப் பொருள் இதுவே.

இந்த இடத்தில் தோழி எங்களை மடக்கிவிட்டாள். அவளுக்கு இரவில் கட்டிக்கொள்ள, கையை நீட்டி நிறுத்தும் ஒரு சிம்பு கொடுத்திருந்தார்கள். பகலில் தழும்பை எண்ணெய் தொட்டு நீவவும், கையை மெல்ல நீட்டி மடக்கவும் சொல்லியிருந்தார்கள். "விறைப்பாக இழுத்தால் செல் இன்னும் இழுக்கும் என்கிறீர்களே, அப்படியானால் கையை நீட்டி வைக்கச் சொல்வது எதற்கு? தழும்பு இன்னும் கோபித்துக்கொள்ளாதா?" என்றாள். நியாயமான கேள்வி. இரண்டு நாள் எங்களால் விடை சொல்ல முடியவில்லை.

விடை வலையிலேயே இருந்தது. கிழிந்த வலையைப் பின்னுகிறவர் அதை எப்படி வைத்துக்கொண்டு பின்னுகிறார்? விரித்து, இழுத்துக் கட்டி, கண்கள் தம் அளவுக்குத் திறந்திருக்கும்படி வைத்துக்கொண்டல்லவா? சுருட்டிப் போட்டபடியே பொத்தலை அடைத்தால், முடிச்சுகள் சுருங்கிய அளவிலேயே விழுந்துவிடும். பிறகு கடலில் விரித்தாலும் அந்த இடம் விரியாது. தோலும் அப்படித்தான். முழங்கை மடங்கியிருந்தபோது உள்மடிப்பில் தொய்வு இருந்தது. செல்கள் அந்தத் தொய்வை இழுத்து எடுத்துக்கொண்டு, குறுகிய அளவிலேயே புதிய நாரைப் பின்னி, நாருக்கும் நாருக்கும் குறுக்குப் பிணைப்புகளைப் போட்டுவிட்டன. கை நீண்டிருந்தால் எடுத்துக்கொள்ளத் தொய்வு கிடைத்திராது. செல்கள் இழுத்துக்கொண்டேதான் இருந்திருக்கும். ஆனால் நார் நீண்ட அளவில் விழுந்திருக்கும். சிம்பு செல்லின் இழுப்பை நிறுத்துவதற்காக அல்ல. இழுக்கும்போது மூட்டு இடங்கொடுக்காமல் இருப்பதற்காக. திடீரென்று முரட்டுத்தனமாக இழுத்தால் தழும்பு கிழிந்து புதுப் புண்ணாகி, கதை முதலிலிருந்து தொடங்கும். ஆகவே மெல்ல, நெடுநேரம், நாள்தோறும்.

தழும்பு சிவந்து தடித்து இருக்கும் மாதங்களில்தான் இதற்குப் பலன் மிகுதி. நார் மாறிக்கொண்டே இருக்கும் காலம் அது. ஓராண்டு, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். வெளுத்து அடங்கிய பிறகு நார்கள் இடம் மாறுவது கடினம்; அப்போது அறுவை செய்து தழும்பை விடுவித்து, வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டி வரலாம். தீப்புண் பட்டவருக்கு எது சுகமாக இருக்கிறதோ அதுவே பெரும்பாலும் மூட்டு மடங்கும் நிலை. முழங்கையானால் நீட்டியும், கழுத்தானால் தலைக்குத் தலையணை வைக்காமலும் படுப்பது நோவாக இருக்கும். எந்த நிலையில் வைப்பது என்று மருத்துவரிடம் முதல் வாரத்திலேயே கேட்டுவிட வேண்டும். எங்கள் தோழியின் வீட்டில் யாரும் இதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்று யாருக்கும் தெரியாது.

இதைப் படிக்கும் தாய்மாருக்கு இன்னொன்று. நம் பக்கத்தில் பனையடுப்பும், சோறு வடிக்கும் பானையும், மண்ணெண்ணெய் விளக்கும் எத்தனையோ பேரைச் சுட்டிருக்கின்றன. சுட்டவுடன் வளையல், மோதிரங்களைக் கழற்றிவிட்டு, ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் அந்த இடத்தைக் காட்ட வேண்டும். குழாயில் தண்ணீர் வராத நாளில் குடத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்கலாம். பனிக்கட்டி, பற்பசை, பேனா மை, மாவு எதுவும் ஆகாது. தண்ணீர் சூட்டை உள்ளே இறங்கவிடாமல் தடுக்கிறது. எவ்வளவு ஆழம் குறைகிறதோ அவ்வளவுக்குத் தழும்பு குறையும்.

தோழி இப்போது சிம்பைக் கட்டிக்கொண்டுதான் உறங்குகிறாள். முதல் மாதம் அழுதுகொண்டே கட்டினாளாம். தலையணை கொடுத்த அப்பத்தாவே இப்போது இரவில் எழுந்து, கட்டு நெகிழ்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார். மாலை வேளையில் திண்ணையில் உட்கார்ந்து தழும்பை நீவிவிடுவதும் அவர்தாம். முழுதாக நீளாவிட்டால் வரும் விடுமுறையில் அறுவை செய்வதைப் பற்றி யோசிக்கலாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். அது வேண்டியிராது என்று அவள் நம்புகிறாள், நாங்களும் நம்புகிறோம். இந்தக் கட்டுரையை எழுதி முடித்த அன்று தேதி எழுதும் முறை மீண்டும் அவளுக்கு வந்தது. கரும்பலகையின் மேல்மூலைக்கு இன்னும் நான்கு விரற்கடை இருந்தது. குதிகாலை உயர்த்தி எழுதிவிட்டாள்.